வாசலோடு நின்றுபோன செருப்பு

விழுப்புரத்தில் நான் கடைசியாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் செருப்பு அறைக்கு ஒரு கண்ணாடிப் பலகை வந்திருக்கிறது. நோயாளி அதன்மேல் ஏறி நின்றால், பாதத்தில் எந்த இடத்தில் எவ்வளவு பாரம் விழுகிறது என்று பக்கத்துத் திரையில் சிவப்பும் மஞ்சளுமாகத் தெரிகிறது. நல்ல கருவி. நான் அரை மணி நேரம் எடுத்துச் செய்த வேலையை அது ஒரு நிமிடத்தில் செய்துவிடுகிறது.

நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த அறையைப் பார்த்துக்கொள்கிறவள் நிவேதா. இந்தத் தொழிலை முறையாகப் படித்துவிட்டு வந்த பெண். பலகையைக் காட்டத்தான் என்னைக் கூப்பிட்டாள். காட்டி முடித்ததும் கேட்டாள்.

“அண்ணே, புதுசா ரெண்டு பேர் சேர்ந்திருக்காங்க. குதிகால் வலி எதனால வருதுன்னு அவங்களுக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுங்களேன்.”

“அதான் மிஷின் வந்துடுச்சேம்மா.”

“மிஷின் பாரத்தைத்தான் காட்டுது. எதனால வந்துச்சுன்னு காட்டலையே.”

“நான் அஞ்சாவதுதான் படிச்சிருக்கேன்.”

“படிச்சவங்க எழுதுனது எங்கிட்ட நெறைய இருக்குண்ணே. நீங்க பார்த்தத எழுதுங்க.”

ஒரு பக்கம் என்றுதான் உட்கார்ந்தேன். ஒரு விஷயத்தை விட்டுவிட்டு மற்றதை எழுத மனம் வரவில்லை. அதனால் நீண்டுவிட்டது. எழுத்துப் பிழைகளை நிவேதா திருத்தியிருக்கிறாள்.

என் பெயர் சூசை. 1993இல், என் முப்பதாவது வயதில், திண்டிவனத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் செருப்பு தைக்கச் சேர்ந்தேன். அதற்கு முன்பு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் சாதாரணச் செருப்பு தைத்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் வெளியூர் அனுப்பிப் பழக்கினார்கள். எம்.சி.ஆர் ரப்பரை வெட்டவும் ஒட்டவும் அங்கே கற்றேன். அது பஞ்சு மாதிரி அமுங்கும், ஆனால் பஞ்சு மாதிரி அமுங்கியே போகாது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத காற்றுக்குமிழ்கள் இருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் பாதியாக வேண்டும், விட்டால் உடனே எழ வேண்டும். அப்படி எழாத ஷீட்டைத் தொடக்கூடாது.

எனக்கு மேலே இருந்தவர் டாக்டரம்மா. செவ்வாயும் வெள்ளியும் திண்டிவனத்துக்கு வருவார். மற்ற நாட்களில் விழுப்புரம். நோயாளியை உயரமான நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, தான் கீழே ஒரு முக்காலியில் உட்காருவார். முதலில் காலைப் பார்க்க மாட்டார். அவர்கள் போட்டுக்கொண்டு வந்த செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பி, எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். பிறகுதான் குதிகாலின் உட்பக்கத்தில், சற்று முன்னால், கட்டைவிரலை வைத்து அழுத்துவார். சிலர் நாற்காலியோடு எழுந்துவிடுவார்கள்.

“காலையில எழுந்து தரையில வைக்கிற முதல் அடி எப்படி இருக்கு?” என்று எல்லோரையும் கேட்பார். இந்த நோய் உள்ளவர்களுக்கு அந்தக் கேள்வியிலேயே முகம் மாறிவிடும். ஆணி குத்துகிறது என்பார்கள், நெருப்பில் வைத்த மாதிரி என்பார்கள். நாலு அடி நடந்தால் குறையும், சாயங்காலம் திரும்ப வரும்.

நான் சேர்ந்த புதிதில் டாக்டரம்மா எனக்கு இதை விளக்கினார். சைக்கிள் டியூபில் ஒரு பட்டை கிழித்து, அதன் ஒரு முனையை என் குதிகாலிலும் மறு முனையை விரல்களின் அடியிலும் பிடித்துக்கொண்டார். பாதத்துக்கு அடியில் இப்படி ஒரு தடித்த நார் இருக்கிறது என்றார். ராத்திரி தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து அந்த நார் சுருங்கிக் கிடக்கும். காலையில் திடீரென்று உடம்பின் பாரம் முழுதும் விழுந்தால், அது குதிகாலைப் பிடித்திருக்கிற இடத்தில் சுரீர் என்று இழுபடும். அங்கே ஏற்கெனவே நைந்துபோயிருக்கும். எலும்பு வளர்ந்து குத்துகிறது என்று ஊரில் சொல்வார்கள். எக்ஸ்ரேயில் முள் மாதிரி தெரியத்தான் செய்யும். ஆனால் அந்த முள் இருந்தும் வலி இல்லாதவர்கள் நிறையப் பேர், முள் இல்லாமல் துடிக்கிறவர்களும் நிறையப் பேர்.

ஏன் நைகிறது என்பதுதான் நிவேதா கேட்டது. ஜங்ஷனில் வெயிலில் நின்றே காலம் தள்ளிய போலீஸ்காரர் ஒருவர் வந்தார். சர்க்கரை என்று சொன்னதும் தேய்ந்த ரப்பர் செருப்போடு ஒரே நாளில் பத்து ரவுண்டு மைதானத்தைச் சுற்ற ஆரம்பித்தவர் வந்தார். பிள்ளை பெற்று எடை கூடிய பெண்கள், திருவக்கரைக் கோயிலுக்கு வெறுங்காலோடு நடப்பதாக வேண்டிக்கொண்டவர்கள், தட்டைப் பாதம் உள்ளவர்கள், அதற்கு நேர்மாறாகப் பாலம் மாதிரி வளைந்த பாதம் உள்ளவர்கள், கெண்டைச்சதை கயிறு மாதிரி இறுகிப்போனவர்கள் எல்லோரும் வந்தார்கள். ஒருவருக்கு ஒரே காரணம் என்று இருக்காது, இரண்டு மூன்று சேர்ந்துகொள்ளும். ஆனால் பெண்களிடம் நான் அதிகம் பார்த்த காரணம் ஒன்றுதான். கடினமான தரையில் வெறுங்காலோடு நாள் முழுதும் நிற்பது.

ஓய்வெடுத்தாலும் விடாத வலி, மரத்துப்போவது, வீக்கம், காய்ச்சல் இருந்தால் அது வேறு. சர்க்கரைக்காரர்கள் காலில் புண்ணும் அப்படித்தான். அவர்களை அளவெடுக்காமல் முதலில் டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

செருப்பைக் கையில் கொடுக்கும்போது மூன்று விஷயம் சொல்லச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. காலையில் படுக்கையில் இருந்தபடியே ஒரு துண்டை முன்பாதத்தில் மாட்டி இழுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்துக் கெண்டைச்சதையை நீட்ட வேண்டும். மூன்றாவது, இந்தச் செருப்பை வீட்டுக்குள்ளேயும் போட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் இரண்டையும் எல்லோரிடமும் சொன்னேன். மூன்றாவதை ஆண்களிடம் மட்டும் சொன்னேன். பெண்களிடம், “போட்டுக்கங்கம்மா” என்பதோடு நிறுத்திக்கொண்டேன். பதினோரு வருஷம் அப்படித்தான் போனது. சொல்லாமல் விடுவது பழகிப்போனால், விட்டதே நமக்குத் தெரியாது.

பதினோராவது வருஷம் கலாவதியம்மா வந்தார். நாற்பது வயதிருக்கும். பாதத்தின் வெளி ஓரத்தை மட்டும் ஊன்றி நடந்து வந்தார்.

“என்ன வேலைம்மா?” டாக்டரம்மா கேட்டார்.

“ஒலக்கூர் பக்கம் பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிறேங்க. புதுசா சமையக்கூடம் கட்டுனாங்க. அதுல போயி நின்னதுலருந்துதான் இந்தப் பேஜாரு. பழசு மண்ணு தரை. இது வழவழன்னு கல்லு.”

“என்ன வைத்தியம் பார்த்தீங்க?”

“செங்கல்ல சூடு பண்ணி, எருக்க இலைய மேல வச்சு மிதிச்சேன்.”

“வலி போச்சா?”

“தோலுதான் போச்சு.”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். புண் ஆறியதும் அளவெடுக்கச் சொன்னார்.

அளவெடுக்கும் முறை இது. பலகையில் பழுப்புக் காகிதத்தை விரித்து, இரண்டு காலிலும் சமமாகப் பாரம் போட்டு நிற்கச் சொல்ல வேண்டும். பென்சில் நேராக நிற்க வேண்டும். உள்ளே சாய்ந்தால் செருப்பு சின்னதாகிவிடும். வலிக்கிற இடத்தில் துணிக்குப் போடுகிற நீலத்தைக் குழைத்து ஒரு பொட்டு வைத்தால், மிதித்ததும் அது காகிதத்தில் பதியும். அந்த இடத்தில் ரப்பரைக் கிண்ணம் மாதிரி குடைந்து, இன்னும் மிருதுவான ரப்பரை வைத்து நிரப்புவேன். அடியில் கெட்டியான ரப்பர், பின்னால் ஒரு வார். இரண்டு பக்கமும் சொலூஷன் தடவி, விரலில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகுதான் சேர்க்க வேண்டும்.

“ஐயோ, காலெல்லாம் தொடாதீங்க” என்று கலாவதியம்மா காலை இழுத்துக்கொண்டார். பெண்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நான் நிமிர்ந்து பார்க்காமல், “எங்க வேலையே அதானேம்மா” என்பேன். அவர்கள் கால்கள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன, முகங்கள் இல்லை. எனக்கு அவ்வளவு கூச்சம்.

செருப்பைக் கொடுத்தேன். துண்டைப் பற்றிச் சொன்னேன், சுவரைப் பற்றிச் சொன்னேன். “போட்டுக்கங்கம்மா” என்றேன்.

ஆறு வாரம் கழித்து வந்தார். வலி அப்படியே இருந்தது. நான் குடைந்த இடம் தப்போ என்று நினைத்து இன்னொரு ஜோடி செய்தேன். அடுத்த முறையும் அதே. எக்ஸ்ரே எடுத்தார்கள், அதில் முள் தெரிந்தது. டாக்டரம்மா எவ்வளவு சொல்லியும் அந்த அம்மாவுக்கு மனசு உடைந்துவிட்டது.

“எலும்பே வளந்துடுச்சுன்னா இனிமே இன்னா இருக்குது? எங்க அமைப்பாளரு சொல்லிட்டாரு. மாசக் கடைசி வரைக்கும் பாக்கலாம், அதுக்குமேல நிக்க முடியலன்னா வேல வேணாம்னு எழுதிக் குடுத்துடுங்கன்னு. அவர சொல்லிக் குத்தமில்ல. உதவிக்கு இருக்கிற ஆயாதான் அன்னக்கூடைய தூக்குது, கஞ்சி வடிக்குது. அதுக்கே அறுபது ஆவப்போவுது.”

அமைப்பாளர் என்றால் அந்தச் சத்துணவு மையத்துக்குப் பொறுப்பானவர். கலாவதியம்மாவின் கணவர் உயிரோடு இல்லை. இரண்டு மகள்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வருவது அந்தச் சம்பளம் ஒன்றுதான். மாசக் கடைசிக்கு மூன்று வாரம் இருந்தது.

அடுத்த முறை ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா எழுதினார். பிறகு, அந்த அம்மா கழற்றி வைத்திருந்த செருப்பை என் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அவர் திட்ட மாட்டார். தப்பு இருக்கிறது என்று தோன்றினால் செருப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுவார். என்ன தப்பு என்று நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

கவிழ்த்துப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன். ஒட்டினது சரி, குடைந்தது சரி. அப்புறம்தான் பாதம் பதிகிற படுகையைத் தடவினேன். ஆறு வாரம் நாள் முழுதும் நின்றிருந்தால் குதிகால் விழும் இடத்தில் லேசாக ஒரு பள்ளம் தெரிய வேண்டும். இதில் தெரியவில்லை. அடி ரப்பரில் ரோட்டு மண் இருந்தது, கொஞ்சம் தேய்ந்தும் இருந்தது. நடந்திருக்கிறார். ஆனால் இதைப் போட்டுக்கொண்டு நிற்கவில்லை.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். “போய்ப் பார்த்துட்டு வா” என்றார்.

மறுநாள் பஸ் பிடித்து அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சமையல்கூடத்தின் வாசலில், கதவுக்கு வெளியே, நான் செய்த செருப்பு இருந்தது. துடைத்து, மழை படாமல் ஒரு பிளாஸ்டிக் சாக்கை மேலே போட்டு மூடி வைத்திருந்தார். உள்ளே ஈரம் சொட்டும் கல் தரையில் வெறுங்காலோடு நின்று சாம்பார் கிண்டிக்கொண்டிருந்தார்.

ஆயாதான் என்னை முதலில் பார்த்தது. “யம்மா கலா, செருப்பு குடுத்தவரு வந்துகிறாரு. திரும்பக் கேக்க வந்தாரோ இன்னாவோ!”

“வாங்கண்ணே, இன்னா இவ்ளோ தூரம்?”

“செருப்பு... வெளிய இருக்குதேம்மா.”

“பின்ன எங்க இருக்கும்?”

“உள்ள போட்டுக்கலையா?”

கலாவதியம்மா கரண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “அடுப்பாண்டயா? புள்ளைங்க சோறு துன்ற எடத்துலயா? இன்னாண்ணே நீங்க! நீங்க போட்டுக்கங்கன்னு சொன்னீங்க, வீட்டு வாசல்லருந்து பஸ்ஸு வரைக்கும் போட்டுக்கினு போறேன், வர்றேன். ஒருநாள் விடல. உள்ள போடச் சொல்லி யாரு சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான்தான்.

ஏன் சொல்லவில்லை என்பதை எழுதிவிடுகிறேன். என் அப்பா ஊர்த்தெருவில் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர். நான் சின்னப் பிள்ளையாக அவர் பின்னால் போயிருக்கிறேன். அந்தத் தெருக்களிலிருந்து வருகிற பெண்களைப் பார்த்து, தோல் வேலை செய்கிற நான், உங்கள் சமையல்கட்டில் செருப்புப் போட்டுக்கொண்டு நில்லுங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவர்கள் கோபப்படுவார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். யாரும் கோபப்பட்டதில்லை. ஒருவரிடமும் சொல்லிப் பார்த்ததே இல்லையே.

கலாவதியம்மாவிடம் அன்றைக்கு, “தப்பு என்னுதும்மா. டாக்டரம்மா சொல்லச் சொன்னாங்க, நான் சொல்லல” என்று மட்டும் சொன்னேன்.

அவர் திரும்பவும் சாம்பாரைக் கிண்ட ஆரம்பித்தார். “சொல்லியிருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்” என்றார் பிறகு. எனக்காகச் சொன்னாரோ, உண்மையோ, தெரியாது.

“இப்ப சொல்றேம்மா. போட்டுக்கினாத்தான் நிக்க முடியும்.”

“செருப்பு வரக்கூடாதுண்ணே. வேணும்னா ஒண்ணு சொல்றேன். தோலு கூடாது. ரோட்டுல ஒருநாள்கூட பட்டதா இருக்கக்கூடாது. பாத்திரம் மாதிரி நெதம் கழுவிக் காயவெக்கிறாப்போல இருக்கணும். அப்படி ஒண்ணு செய்ய முடியுமா உங்களால?”

“வழுக்காம இருக்கணும்னும் சேத்துச் சொல்லு. கொதிக்கிற ஒலையோட உழுந்தா இன்னா ஆவறது?” என்றது ஆயா.

அடுத்த முறை டாக்டரம்மா திண்டிவனம் வந்தபோது, அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதினோரு வருஷம் என்பதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எல்லாப் பெண்களுக்குமா?”

“ஆமாங்கம்மா.”

“நான் ஒரு தடவை சொல்லிட்டு, நடக்குதான்னு பார்க்கலை” என்றார். எழுந்து போய், நோயாளி உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். “சொல்லு. நான் கோலியனூர்லேர்ந்து வந்த பேஷண்ட்.”

“வீட்டுக்குள்ளயும் போட்டுக்கங்கம்மா.”

“தரைக்கா சொல்றே? என்னைப் பார்த்துச் சொல்லு.”

நிமிர்ந்து சொன்னேன். ஐந்து முறை சொல்லவைத்தார். நான்காவது முறை, “என் மாமியார் திட்டுவாங்களே” என்று மடக்கினார். “உள்ளுக்கு தனியா ஒரு ஜோடி செஞ்சு தர்றேம்மா, மாமியாருக்கும் சேத்து” என்றேன். அவர் சிரித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

கலாவதியம்மாவுக்கு வெள்ளை கான்வாஸ் துணியில் மேல்பாகம் வெட்டினேன். ஆணியும் இல்லை, தோலும் இல்லை. படுகை எம்.சி.ஆர், அடியில் குறுக்குவாட்டில் பள்ளம் கீறிய கெட்டி ரப்பர். ஈரக் கல்லில் தண்ணீரும் எண்ணெயும் ஊற்றி, நானே போட்டு நின்று பார்த்தேன். முதல் ஜோடி வழுக்கியது. பள்ளத்தை ஆழமாக்கி இரண்டாவது செய்தேன். அடுப்புக்கு முன்னால் போட, மிச்சமிருந்த ஷீட்டைப் பலகையில் ஒட்டி ஒரு மிதியடியும் செய்தேன். ஊசியை டாக்டரம்மா தள்ளிப்போட்டார். இரண்டு மாதம் பொறுக்கும்படி அமைப்பாளருக்குத் தன் கையால் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

நானே கொண்டுபோனேன். அமைப்பாளரும் அங்கே இருந்தார். “சமையக்கட்டுல செருப்பா? புள்ளைங்களோட அப்பா அம்மா கேட்டா நான் இன்னா சொல்றது?” என்றார்.

கலாவதியம்மா வெள்ளை ஜோடியை எடுத்துக் குழாயடியில் கழுவி, அவர் எதிரிலேயே காலில் மாட்டிக்கொண்டார். “சார், இது ரோட்டயே பாக்கல. நீங்க போட்டுக்கினு வந்தது இதோ கதவாண்டதான் கெடக்குது, அத உள்ள கொண்டாந்தா கேளுங்க.” ஆயா வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தது. அமைப்பாளர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். “ரெண்டு மாசம்தான்” என்றார்.

வலி ஒரு நாளில் போகிற வலி இல்லை. மூன்றாவது வாரம்தான் காலை முழுதாக ஊன்றினார். இரண்டு மாதம் முடிகிறபோது அன்னக்கூடையை அவரே தூக்கினார் என்று ஆயா வந்து சொன்னது. அதுவும் தன் குதிகாலைக் காட்டத்தான் வந்திருந்தது. கலாவதியம்மாவின் வேலை போகவில்லை. அடுத்த வருஷம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலிருந்து மூன்று சமையல்காரம்மாக்கள் அதே வெள்ளை ஜோடி கேட்டு வந்தார்கள்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் டாக்டரம்மா பழைய அளவு அட்டைகளை எல்லாம் எடுத்து மேசையில் வைத்தார். பெண்களின் அட்டைகளை மட்டும் பிரித்தோம். விலாசம் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு தபால் கார்டு எழுதினேன். செருப்பை வீட்டுக்குள்ளும் போட்டுக்கொள்ள வேண்டும், வலி இன்னும் இருந்தால் வரவும், இதை முன்பே சொல்லாதது எங்கள் தவறு. என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். வேறு யாராவது எழுதட்டுமா என்று கேட்டேன். நீயே எழுது என்றார் டாக்டரம்மா. நிறையக் கார்டுகள் திரும்பி வந்தன. சிலர் வந்தார்கள், சிலருக்கு வலி தானாகவே போயிருந்தது.

திருவக்கரையிலிருந்து ஓர் அம்மா கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். மல்லாட்டை மில்லில், அதாவது வேர்க்கடலை உடைக்கும் இடத்தில், நின்றபடி சலிக்கிற வேலை பார்த்தவர். நான் செய்து கொடுத்த செருப்பைப் பையிலிருந்து எடுத்து வைத்தார். படுகையில் பள்ளமே விழவில்லை, ரப்பர் மட்டும் பழசாகிப் பலகை மாதிரி இறுகியிருந்தது.

“மில்லுல உள்ள செருப்பு போட்டுக்கக்கூடாதுன்னு நெனச்சேன், தம்பி. அதால வெளிய வெச்சிருந்தேன். நிக்க முடியாம மூணு வருஷம் முன்ன வேலையிலருந்து நின்னுட்டேன்.”

“மில்லுல போட்டுக்க வேணாம்னு சொன்னாங்களாம்மா?”

“யாரும் சொல்லல. நானும் கேக்கல.” அவர் என் முகத்தைப் பார்த்தார். “கார்டுல போட்டிருக்கியே, இத அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?”

“சொல்லியிருக்கணும்மா” என்றேன்.

பலகையில் அவருக்குப் புதுக் காகிதத்தை விரித்தேன். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காகிதத்தின் மேல் காலை எடுத்து வைத்தார்.